பெயரில் நிற்கும் காடு
(ஊர்களின் கதை – 9)

காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்த இளைஞனிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி எந்த ஊரு, எந்தக் கோயிலு?"

பையன் சென்னையில் பிறந்தவன், சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். ஆனாலும் தயங்கவில்லை. "ஊர் பள்ளத்தூர், ஆச்சி. கோயில் இளையாத்தங்குடி. ஒக்கூருடையார்."

ஆச்சியின் முகம் மலர்ந்தது. அடுத்த அரை நிமிடத்தில் அவனுடைய அப்பத்தா யார், தனக்கு என்ன முறை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கோ அந்தப் பதிலிலேயே மனம் நின்றுவிட்டது. ஒரே மூச்சில் மூன்று ஊர்ப்பெயர்கள்! பள்ளத்தூரில் அவன் வீடு இருக்கிறது. இளையாத்தங்குடி அவன் குலத்தார் வழிபடும் கோயில். மூன்றாவது பெயரான ஒக்கூரில் அவன் கால் வைத்திருப்பானா என்பதே சந்தேகம். ஆனால் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் புலவரைத் தமிழ் படித்த எவரும் அறிவார்கள். ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடிய புறநானூற்று 279-ஆம் பாட்டு அவருடையது. சிவகங்கைக்கு வடக்கே இருக்கும் ஒக்கூரையே அவருடைய ஊராகச் சொல்வார்கள். சாத்து என்றால் வணிகர் கூட்டம். சாத்தன், சாத்தி என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவை என்று கொண்டால், அந்தப் பெயரிலேயே ஒரு வணிக மரபின் சாயல் தெரிகிறது. பையனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமலேயே பெயரைச் சுமந்து வந்து சரியாக ஒப்படைத்துவிட்டான்.

ஊர்ப்பெயரை இப்படி உடம்போடு ஒட்டிவைத்திருக்கும் மக்களைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் நான் கண்டதில்லை. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒரே கோயில் பிரிவுக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ பொதுவாகக் கிடையாது. இளையாத்தங்குடிக்குள் ஏழு உட்பிரிவுகள் உண்டு; ஒக்கூருடையார் அவற்றில் ஒன்று. இரணியூராரும் பிள்ளையார்பட்டியாரும் அண்ணன் தம்பி முறை என்பதால், கோயில் இரண்டானாலும் அவர்களுக்குள் சம்பந்தம் இல்லை. ஆக, ஊர்ப்பெயர் தெரியாமல் இங்கே ஒரு கல்யாணம்கூட நடக்காது. நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள். இன்று எழுபத்துச் சொச்சம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்க் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களும், ஊரையும் கோயிலையும் சொல்லித்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இனி அந்தப் பெயர்களுக்குள் நுழைவோம்.

ஒன்பது ஊர்களையும் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இலுப்பைக்குடியில் இலுப்பை மரம் இருக்கிறது. கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம் அது. வேலங்குடியில் வேல மரம். சூரக்குடியில் சூரை, வளைந்த முள்ளும் சின்னஞ்சிறு கறுப்புப் பழமும் உள்ள கொடிபோன்ற செடி. இந்த வரிசையிலேயே காரைக்குடியையும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காரைக்குடிக்கு வேறொரு விளக்கமும் வழக்கில் உண்டு. சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகள் நிறைந்த ஊர், ஆகவே காரைக்குடி என்பார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். சுண்ணாம்பும் மணலும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிய சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அந்த விளக்கத்தை எளிதில் விடமாட்டார்கள். ஆனால் அந்த மாளிகைகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கடல்கடந்த வணிகம் கொழித்தபோது எழுந்தவை. ஊரின் பெயர் அவற்றுக்கு மூத்தது. சுற்றிலும் இலுப்பையும் வேலும் சூரையும் குடிப்பெயர்களாக நிற்க, காரை மட்டும் எப்படிச் சுவரிலிருந்து வரும்?

காரைச் செடியை நான் பார்த்தது ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரையில். இடுப்பளவு உயரம். கிளையின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டிரண்டாக முள். சின்ன இலை, பழுத்தால் மஞ்சளாகும் காய். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு பழத்தைப் பறித்து என் கையில் வைத்து, "பாத்து அய்யா, கொட்டை இருக்கு" என்றார். லேசான இனிப்பு. இதன் இலையைக் கீரையாக ஆக்கித் தின்ற பஞ்ச காலமும் இந்தப் பக்கத்தில் உண்டு. செம்மண்ணும் சரளையும் கலந்த இந்தப் பூமியில் நீர் குறைந்தாலும் சாகாமல் நிற்கும் செடி அது. முதலில் வந்து குடியேறியவர்கள் கண்ணில் பட்டது அதுதான். அவர்கள் பெயரிட்டதும் அதைக் கொண்டுதான்.

குடி என்னும் ஈறு குடும்பத்தையும் குடியிருப்பையும் ஒருசேரக் குறிக்கும் பழஞ்சொல். பட்டி என்பது மாடு அடைக்கும் இடத்தைக் குறித்துப் பின்னர் ஊரைக் குறித்தது. செட்டிநாட்டில் சில ஊர்கள் குடியாக இருந்து பட்டியாக மாறியிருக்கின்றன. அதற்குப் பிள்ளையார்பட்டியைப்போல் நல்ல சான்று கிடையாது.

இன்று அந்த ஊர் கற்பக விநாயகரால் உலகறிந்தது. இரண்டே கைகளோடு குடைவரைப் பாறையில் புடைப்பாக அமர்ந்திருக்கும் பிள்ளையார் அவர். பிள்ளையார்பட்டி என்ற பெயர் அவரால் வந்தது. அதற்கு முன்னே அந்த ஊருக்குப் பெயர்கள் வரிசையாக இருந்தன. குடைவரைக்குள் உள்ள மிகப் பழைய கல்வெட்டில், எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து வடிவத்தில், எக்காட்டூர் என்ற பெயர் வருகிறது. பெயருக்குள்ளேயே காடு! அப்புறம் திருவீங்கைக்குடி. ஈங்கை என்பதும் முட்செடிதான். சங்கப் புலவர்கள் நன்கு அறிந்த செடி. அதன் பிறகு மருதங்குடி. அதாவது மருத மரம். அதன் பிறகு இராசநாராயணபுரம், ஓர் அரசனின் பட்டப்பெயர். கடைசியாகப் பிள்ளையார்பட்டி. காடு, முள், மரம், மன்னன், தெய்வம் என்று ஐந்து அடுக்குகள் ஒரே ஊருக்குள்.

இதில் எது மறைந்தது, எது நின்றது என்று கவனியுங்கள். மருதங்குடி என்று இன்று யாரும் ஊரைச் சொல்வதில்லை. ஆனால் கோயிலில் மருதீசர் இருக்கிறார். ஊரின் பெயர் போனாலும் மரத்தின் பெயர் இறைவன் பெயருக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டது. குடைவரை லிங்கத்தைத் திருவீசர் என்கிறார்கள். திருவீங்கைக்குடி ஈசர் என்பது தேய்ந்து அப்படி ஆகியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இராசநாராயணபுரம் மட்டும் தெய்வத்தின் பெயரிலும் இல்லை, மக்கள் நாவிலும் இல்லை.

மற்றக் கோயில் ஊர்களிலும் இதே கதைதான். இளையாத்தங்குடிக்குக் குலசேகரபுரம் என்ற மறுபெயர் இருந்தது. மாத்தூருக்கு வீரபாண்டியபுரம். இலுப்பைக்குடிக்குப் புகழிடங்கொடுத்த பட்டணம் என்று எவ்வளவு கம்பீரமான பெயர்! பாண்டியர் ஆட்சி வலுவாக இருந்த காலத்தில் இடப்பட்டவை அவை. இன்று காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் நின்று புகழிடங்கொடுத்த பட்டணத்துக்கு வழி கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். இலுப்பைக்குடி என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

சில பெயர்களுக்கு மக்கள் கதை கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதைகளை நான் தள்ளிவிடமாட்டேன்; அவற்றுக்குள்ளும் வரலாறு ஒளிந்திருக்கும். மாத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கணச் சித்தர் இங்கே ரசவாதம் செய்து ஐந்நூறு மாற்றுப் பொன் கண்டார்; அதனால் ஊர் மாற்றூர், இறைவன் ஐநூற்றீசர் என்பது தலக்கதை. காற்று காத்தாகவும் நேற்று நேத்தாகவும் ஆகும் பேச்சில் மாற்றூர் மாத்தூராவதில் வியப்பில்லை. ஆனால் ஐநூற்றீசர் என்ற பெயரைக் கேட்டவுடன் கல்வெட்டுப் படித்தவர்களுக்கு வேறொரு நினைவு வரும். அது திசையாயிரத்து ஐநூற்றுவர் என்னும் பெரும் வணிகக் குழுவின் நினைவு. தென்னிந்தியா முழுவதும் கிளைவிட்டு, கடல் கடந்து போனவர்கள் அவர்கள். சுமத்திராத் தீவில் பாரூசுக்கு அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்கள் பெயரைச் சொல்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? மாத்தூரிலிருந்து மேற்கே, இதே சிவகங்கை மாவட்டத்தின் பிரான்மலைக் கோயிலில், வணிகர்கள் கூடித் தாங்கள் வாங்கி விற்கும் சரக்குகளின் மேல் கோயிலுக்கு மகமை வைத்துக்கொண்ட நீண்ட கல்வெட்டு இருக்கிறது. அதிலும் ஐநூற்றுவர் வருகிறார்கள். வணிகர்கள் கொண்டாடும் கோயிலில், வணிகக் குழுவின் எண்ணையே தன் பெயராகக் கொண்ட இறைவன்! ஐந்நூறு மாற்றுப் பொன் என்ற கதை, ஐநூற்றுவர் மறந்துபோன பிறகு அந்த எண்ணுக்கு விளக்கம் தேடி எழுந்ததாக இருக்கலாம் என்பது என் கருத்து. பொன் என்ற நினைவு மட்டும் தப்பிக்கொண்டது.

நேமமும் அப்படித்தான். சங்கத் தமிழில் நியமம் என்றால் அங்காடி. மதுரையின் இரண்டு பெரிய கடைவீதிகளை மதுரைக்காஞ்சி நியமம் என்றே சொல்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் முத்தரையர் காலத்து நியமமும் மக்கள் வாயில் நேமம் ஆகிவிட்டது. நகரத்தார் கோயில் ஊர் ஒன்றுக்கு நேமம் என்று பெயர் இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இளையாத்தங்குடிக்கு, இளைப்பாற்றிய குடி என்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்த கூட்டம் இளைப்பாறிய இடம் என்று கேட்கும்போது மனம் கனிகிறது. இலக்கணப்படி பார்த்தால் இளையாற்றன் என்ற ஒருவன் குடியாகவும் இருக்கலாம். தெற்கே இளையான்குடி இருக்கிறதே! இரணியூரில் இரணியனைக் கொன்ற நரசிம்மர் சிவனை வணங்கினார் என்பது தலபுராணம், இறைவன் ஆட்கொண்டநாதர். திருக்கோட்டியூரைத் தேவர்கள் கோஷ்டியாகக் கூடிய ஊர் என்கிறார்கள். கோட்டி என்பது அவை என்ற பொருளில் திருக்குறளிலேயே, கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளில், வந்துவிட்ட சொல் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். குன்றக்குடி விளக்கம் வேண்டாத பெயர். குன்றும் குடியும் கண்முன் நிற்கின்றன. வயலின் வித்துவான் வைத்தியநாதனால் குன்னக்குடி என்ற பேச்சு வடிவமும் உலகெங்கும் போனது.

இப்போது கான் என்ற சொல்லுக்கு வருவோம். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த சொல் இதுதான். கான் என்றால் காடு. வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்று பழைய நாட்டுப் பிரிவைச் சொல்வார்கள். மாளிகைகளால் புகழ்பெற்ற கானாடுகாத்தான் அந்தக் கானாட்டைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. கானாட்டைக் காத்தவன் யார்? ஒரு தலைவனாக இருக்கலாம். எல்லையில் நிற்கும் காவல் தெய்வமாகவும் இருக்கலாம். காத்தான் என்பது நம் ஊர்களில் தெய்வத்துக்கும் இடும் பெயர்தானே.

அங்கிருந்து தெற்கே காளையார்கோவிலுக்குப் போனால் அதே கான். சங்க காலத்தில் அந்த ஊர் கானப்பேர். அங்கிருந்த கோட்டை கானப்பேரெயில். ஆழமான அகழியும் உயர்ந்த மதிலும் வெயில் நுழையாத காவற்காடும் கொண்ட கோட்டை என்று ஐயூர் மூலங்கிழார் புறநானூற்று 21-ஆம் பாட்டில் காட்டுகிறார். வேங்கைமார்பனிடமிருந்து அதைப் பிடித்த பாண்டியன் உக்கிரப் பெருவழுதிக்கு அந்த வெற்றியே அடைமொழியாயிற்று. தேவாரத்தில் அது திருக்கானப்பேர். சுந்தரர் இறைவனைக் காளை என்று பாட, நாளடைவில் கானப்பேர் பின்வாங்கிக் காளையார்கோவில் முன்வந்தது.

பெயரிலிருந்து காடு போயிற்றே தவிர, மண்ணிலிருந்து போகவில்லை. 1772 ஜூன் மாதம் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பெனிப் படையால் கொல்லப்பட்டது அந்தக் காளையார்கோவிலில்தான். 1801-இல் மருது சகோதரர்களைப் பிடிக்க வந்த கர்னல் அக்னியூவின் படை, காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட முயன்றது. ஒரு மாதத்துக்கு மேல் வெட்டியும் முடியாமல் திரும்பி, வேறு வழியாக வந்து அக்டோபர் 1-ஆம் தேதிதான் காளையார்கோவிலைப் பிடித்தது. அந்த மாதம் 24-ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சங்கப் புலவர் பாடிய காவற்காடு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் ஒரு பீரங்கிப் படையைத் தடுத்து நிறுத்தியது! இன்று அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு நிழலுக்கு ஒதுங்க மரம் கிடைப்பதே அரிது. கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக் கருவேலம். காட்டைப் பார்க்க வேண்டுமானால் கானாடு, கானப்பேர், எக்காட்டூர் என்ற பெயர்களில்தான் பார்க்க வேண்டும்.

திருப்பத்தூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேவாரம் பாடியது திருப்புத்தூர் என்று. புதிய ஊர் என்பாரும் உண்டு, புற்று இருந்த ஊர் என்பாரும் உண்டு. வடக்கே இன்னொரு திருப்பத்தூர் தனி மாவட்டமாகவே இருப்பதால், இங்கே பழையபடி திருப்புத்தூர் என்று எழுதுவது வரலாற்றுக்கும் நல்லது, தபாலுக்கும் நல்லது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த வேலையை நிதானமாகவும் கல்வெட்டறிஞர்களைக் கலந்தும் மறுபடி எடுக்க வேண்டும்.

திருப்பத்தூர் வட்டத்திலேயே மகிபாலன்பட்டி இருக்கிறது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 1881-இல் பிறந்த ஊர். பட்டி என்ற பெயரைக் கண்டு பிற்காலத்து ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்குள்ள கல்வெட்டு இந்த வட்டாரத்தைப் பூங்குன்ற நாடு என்கிறது. புறநானூற்று 192-ஆம் பாட்டைப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இதுதான் என்று அறிஞர்கள் கொள்வது அதைக் கொண்டே. எல்லா ஊரையும் தன் ஊராகவும் எல்லாரையும் தன் உறவாகவும் கண்ட அந்தப் பெரியவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கணியன் என்பது தொழில். பூங்குன்றன் என்பது ஊர். பூத்த குன்று ஒன்று இங்கே இருந்திருக்கிறது. அந்த ஊர்க்காரர் என்ற அளவிலேயே இரண்டாயிரம் ஆண்டு நம்மோடு இருக்கிறார். அந்தக் குன்றின் அடியில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இத்தனை மூத்த பெயர்களுக்கு நடுவே செட்டிநாடு என்ற பெயர் மிக இளையது. கானாடு, பூங்குன்ற நாடு போலப் பழைய நாட்டுப் பிரிவாக அது இருந்ததில்லை. மக்கள் வழக்கில் வந்து, கானாடுகாத்தானுக்கான ரயில் நிலையத்தின் பெயராகவும் நின்று, சமையலாலும் சேலையாலும் வீட்டுக் கட்டுமானத்தாலும் உலகப் பெயரானது.

முடிக்கும் முன் செட்டிநாட்டு வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பூட்டிக்கிடக்கும் வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. தூணும் நிலைக்கதவும் நல்ல விலைக்குப் போகின்றன. பெட்டகத்துக்குள் இருக்கும் ஓலையும் பத்திரமும் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. என் நண்பர் வீட்டில் அப்படிப் போகவிருந்த கட்டிலிருந்து இசைகுடிமானம் என்னும் திருமணப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். மடிப்பில் கிழிந்த தாள், மஞ்சள் கறை, மங்கிய மசி. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவருடைய ஊரும் கோயிலும் பிரிவும் அதில் வரிசையாக இருந்தன. அதற்கடியில் கிடந்த நிலப் பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது எல்லைக் குறிப்பில், ஊருணி, ஏந்தல், வயல் என்று பதினோரு பெயர்கள். அவற்றில் நாலைந்துதான் நண்பருக்குத் தெரிந்தன. மிச்சத்தை எண்பது தாண்டிய அவருடைய பெரியாத்தா இடம் காட்டிச் சொன்னார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கட்டு இருந்தால், தாளை விற்பதற்கு முன் அதிலுள்ள இடப்பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஊருணி எங்கே, ஏந்தல் எங்கே என்று பெரியவர்களைக் கேட்டு எதிரில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடருக்கு ஒரு பிரதி அனுப்பினால் நன்றியோடு பயன்படுத்திக்கொள்வேன்.

அடுத்த இதழில் வெள்ளாற்றைக் கடந்து கோனாட்டுக்குள் நுழைகிறோம். முதல் ஊர் கொடும்பாளூர்.